மேட்டுக் குளிரில் லாரி மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போடியில் சாயங்காலம் அரைக்கை சட்டையோடு டீ குடித்துவிட்டு வண்டி எடுப்போம். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் கண்ணாடியை இறக்கினால் காது விறைக்கும். பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு போய்ச் சேரும்போது போடிக்கும் அங்கேக்கும் குளிரில் பெரிய வித்தியாசம் வந்திருக்கும். நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். வண்டிக்கு?

இந்த ரோட்டிலும் கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கமும் பல வருஷமாக லோடு ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏலக்காய் லோடோடு டெல்லி வரைக்கும் குளிர்காலத்தில் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்து, காலையில் வரும் கோளாறில் முக்கால்வாசி, முந்தின ராத்திரி வண்டியை நிறுத்தியபோதே உண்டானதுதான். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும், இப்போது என்ன செய்வது என்பதோடு, நேற்றே என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டில் இருப்பது ஈரம். மேகமே ரோட்டில் படுத்துக் கிடக்கும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் மழை நின்று, வானம் தெளிந்து, ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். அப்போதுதான் உறைபனி விழும். முதல் காலத்தில் கண்ணாடியும் விளக்கும் பிரேக்கும் படுத்தும். இரண்டாவது காலத்தில் பேட்டரியும் டீசலும், பிரேக்குக்கான காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கும் படுத்தும்.

செல்ஃப் 'டக்' என்று ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்கைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது விளக்கு மங்கி அணைந்தால் பேட்டரி, அல்லது டெர்மினல். விளக்கு மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால் சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) பக்கம் பாருங்கள்.

முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தால் கிளாம்பைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது மைனஸ் கடைசி. பாதி நாள் வேலை இதிலேயே முடிந்துவிடும்.

நம் லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்துதான் 24 வோல்ட். மீட்டர் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது. 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை. ஒன்று 12.6, இன்னொன்று 12.1 என்று காட்டினால் அந்தச் சோர்ந்த பேட்டரி நல்லதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது காசுக்குக் கேடு. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். செல்ஃப் சுற்றும்போது இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் இதே கதைதான்.

குளிரில் இரண்டு பக்கமும் அடி. பேட்டரியின் பலம் குறைகிறது, அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகிச் சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கிறது. கீழே போடியில் தேறிவிடும் பேட்டரி மேலே வந்ததும் கையை விரிப்பது இதனால்தான். கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர் பாக்ஸில் இருக்கும் கெட்டி ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்காது. பத்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்த முறை. மூன்று தடவையில் எடுக்கவில்லை என்றால் நான்காவது தடவையிலும் எடுக்காது, காரணத்தைத் தேடுங்கள்.

மூணாறில் நாம் நின்று முழிப்பதைப் பார்த்தால் ஜீப் ஓட்டும் சேட்டன் யாராவது பாசத்தோடு கேபிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் வண்டி 12 வோல்ட், நம் வண்டி 24. வேண்டாம் என்று சொல்லி, இன்னொரு லாரி வரும்வரை காத்திருங்கள்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. தயவுசெய்து மேட்டில் அதைச் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாத வண்டிக்கு பவர் ஸ்டீயரிங் கிடையாது, கம்ப்ரெசர் காற்று ஏற்றாது. டேங்கில் மிச்சமிருக்கும் காற்று நாலைந்து மிதியில் தீர்ந்துவிடும். அடுத்த வளைவுக்குள் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

நேற்று ராத்திரி செய்திருக்க வேண்டியது: பாட்டு, கேபின் லைட், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்வது. பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியாக இருந்தால் இன்ஜினை நிறுத்தியதும் உடனே கட்-ஆஃப் செய்யக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவத்தின் லைனில் இருப்பதைப் பம்ப் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ள இரண்டு நிமிஷம் தேவை. 'உய்ங்' என்ற அந்தச் சத்தம் அடங்கட்டும், அப்புறம் கை வையுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இது டீசல் பிரச்சினை. வெளியே உறைபனி இல்லாமல் வெறும் ஈரக் குளிர் என்றால் முதல் சந்தேகம் தண்ணீர். கீழே வெயிலில் வெதும்பிய டேங்க், மேலே வந்து ராத்திரியில் குளிர்கிறது. டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்து, சொட்டி, டீசலுக்கு அடியில் போய் உட்காரும். வாட்டர் செபரேட்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக முத்து மாதிரி உருளும், மேலே டீசல் மிதக்கும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டுவிட்டு மூடுங்கள். அதற்குப் பிறகு கை பம்பை அது கெட்டியாகும்வரை அடித்து ஏர் எடுக்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள்.

டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு ஹீட்டர் விளக்கு எரியும் வண்டி என்றால், அது அணையும்வரை பொறுங்கள். அவசரக்காரர்கள் பலர் அந்தச் சில விநாடி காத்திருக்காமல் பேட்டரியைத் தீர்த்துவிட்டு வண்டியைத் திட்டுகிறார்கள்.

வடக்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டீசலில் மெழுகுத் தன்மை உண்டு. குளிர ஆரம்பித்ததும் முதலில் பனித்துளி போட்ட மாதிரி கலங்கும், அப்புறம் ஃபில்டரில் வெண்ணெய் மாதிரி ஒட்டி அடைக்கும். நம் நாட்டு டீசல் தரமான ஐ.எஸ். 1460 படி, குளிர்கால டீசல் 6 டிகிரி வரைக்கும் ஃபில்டரில் தடையில்லாமல் போனால் போதும். கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி போதும். இங்கே ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு போய் அந்த டீசலோடு இமாச்சலத்திலோ காஷ்மீரிலோ ராத்திரி நிறுத்தினால் காலையில் அது நகராது. மலை ஏறுவதற்கு முன்னால் டேங்க் காலியாகிற மாதிரி கணக்குப் போட்டு, அந்த ஊர் பங்க்கில் நிரப்புங்கள். அவர்கள் ஊர்க் குளிருக்கு ஏற்ற சரக்கு அங்கேதான் இருக்கும். லடாக்குக்கு என்றே மைனஸ் 33 டிகிரியிலும் இளகி ஓடும் டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது.

உறைந்துபோனால் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். ஃபில்டர் மேல் துணியைச் சுற்றி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், வெயில் ஏறும்வரை பொறுங்கள். மண்ணெண்ணெய் கலப்பதும் பழைய காலத்து வைத்தியம். இன்றைய காமன் ரெயில் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பை நம்பித்தான் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் அதைக் கெடுத்துவிடும்.

பக்கத்தில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிறது, நம் வண்டி மட்டும் முரண்டு பிடிக்கிறது

ஒரு தை மாதம் தேவிகுளம் தாண்டி ஓடை ஓரமாகச் சமதளம் பார்த்து நிறுத்தினேன். தண்ணீர் வசதி, காற்று அடிக்காது, நல்ல இடம் என்று நினைத்தேன். காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாக இருந்தது. வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, விரலால் பிய்த்தால் ரப்பர் கிழிந்துவிடும் போல இருந்தது. இன்ஜின் எடுக்கவே இல்லை. இருநூறு அடி மேலே ரோட்டோரம் நிறுத்தியிருந்த லாரி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி என்னைத் தாண்டிப் போனது. அந்த அண்ணன் நிறுத்தி, "தம்பி, குளிர் தண்ணி மாதிரி. பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்றார்.

அது உண்மை. காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மூணாறைச் சுற்றி உறைபனி முதலில் விழுவது ஓடைக் கரையிலும் புல்வெளிப் பள்ளத்திலும்தான். அதே இடத்தில் சரிவில் கொஞ்சம் மேலே போனால் சில டிகிரி கூட இருக்கும். மரத்தடியும் கட்டடத்து ஓரமும் திறந்தவெளியைவிட மேல். முடிந்தால் இன்ஜின் பக்கம் கிழக்கே பார்த்த மாதிரி நிறுத்துங்கள், காலை வெயில் முதலில் அங்கே விழட்டும். வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தூங்குங்கள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, வெள்ளைப் புகை தள்ளுகிறது

இரண்டு மூன்று நிமிஷம் வந்து நின்றுவிட்டால் பயம் வேண்டாம். குளிர்ந்த சிலிண்டரில் முழுதாக எரியாத டீசல் அது. ஆக்சிலேட்டரை அமுக்கிக் கத்தவிடாதீர்கள். டர்போவுக்கு ஆயில் ஏறவே நேரமாகும். மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு, பிறகு மெதுவாக நகர்ந்து ஓடவிட்டால் போதும். அரை மணி நேரம் ஐடிலில் போடுவதால் சூடு பெரிதாக ஏறாது, டீசல்தான் போகும்.

சூடான பிறகும் புகை நிற்காமல், லேசாகத் தித்திப்பு வாசனை அடித்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். அப்படியே லோடோடு இறங்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஹீட் முள் ஏறவே மாட்டேன் என்கிறது

இதில் நம் ஊர்ப் பழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கோடையில் வண்டி ஹீட் ஆனால் பல பட்டறையில் முதலில் செய்வது, இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுவது. கீழே ஓடும்போது தெரியாது. மேட்டில், குளிரில், தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றுவதால் இன்ஜின் சூடே ஏறாமல் ஓடும். மைலேஜ் குறையும், கரி படியும், ஆயிலில் டீசல் கலக்கும். பி.எஸ். 6 வண்டியில் சைலன்சர் போதுமான சூடு பிடிக்காமல், புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவோடு பார்த்தால் தெர்மோஸ்டாட் விலை ஒன்றுமே இல்லை. ரேடியேட்டர் முன்னால் அட்டை கட்டி ஓட்டுவதற்குப் பதில் வால்வை மாட்டுங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். உறைந்த தண்ணீர் விரியும். இரும்பு பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்ட்டும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். வடக்கே போகிற வண்டிக்கு இது கட்டாயம்.

காற்று ஏறவில்லை, அல்லது ராத்திரியோடு இறங்கிவிடுகிறது

நிறுத்தும்போது 8 பாரில் நின்ற முள் காலையில் 3-க்கு வந்திருந்தால் எங்கோ கசிகிறது. குளிரில் ரப்பர் ஹோஸும் சீலும் விறைத்து, இணைப்பில் நூலிழை விலகும். வண்டி சூடானதும் கசிவு நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். காலையிலேயே, இன்ஜின் சத்தம் இல்லாதபோது, சோப்பு நுரையைத் தடவி இணைப்பு இணைப்பாகப் பாருங்கள். குமிழ் விடும் இடம்தான் குற்றவாளி.

அடுத்தது டேங்கில் தண்ணீர். ஏர் டேங்குக்கு அடியில் தொங்கும் வளையத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் சீறிக்கொண்டு வெளியே வரும். உள்ளங்கையைக் குறுக்கே காட்டிப் பாருங்கள். லேசான ஈரம் என்றால் பரவாயில்லை. தண்ணீராகக் கொட்டினால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை. மோர் மாதிரி வெளுத்து, வழவழவென்று ஒட்டினால் கம்ப்ரெசர் ஆயிலைத் தள்ளுகிறது, டிரையரும் அதைக் குடித்துக் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் பார்க்க வேண்டும், கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் மறுபடி அதே மோர்தான். இந்தத் தண்ணீர் வால்வுக்குள் உறைந்தால் பிரேக் பிடித்தது விடாது, அல்லது விட்டது பிடிக்காது. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், டேங்க் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வளையத்தை இழுத்து வடித்துவிடுங்கள். கிளீனர் தம்பிக்கு முதல் நாளே இதைப் பழக்கிவிடலாம்.

முள் 5 பாருக்குக் கீழே இருக்கும்போது வண்டியை நகர்த்தவே கூடாது, பின்னால் யார் ஹாரன் அடித்தாலும்.

காற்று முழுக்க இருக்கிறது, சக்கரம் நகரவில்லை

ஈரத்தோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டதால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் லேசாக முன்னால், ரிவர்ஸில் லேசாகப் பின்னால். விடவில்லை என்றால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, டிரம்மின் விளிம்பைச் சுத்தியலால் தட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள்; சூடும் குளிரும் மோதி டிரம் கீறல் விடும், ஊற்றிய தண்ணீரே மறுபடி உறையும்.

நிறுத்துவதற்கு முந்தின ஒரு கிலோமீட்டரில், பின்னால் வண்டி இல்லாதபோது, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து விட்டால் டிரம் காய்ந்துவிடும். சாயங்காலம் வண்டியைக் கழுவி நிறுத்துவதைக் குளிர்காலத்தில் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி உள்ளே வேர்க்கிறது

ஈரத் தார்ப்பாய், நனைந்த கயிறு, துண்டு எல்லாம் கேபினுக்குள் இருந்தால் எத்தனை துடைத்தாலும் வேர்க்கும். அவற்றை வெளியே கட்டுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தைத் துளி ஷாம்பு போட்டுத் துடைத்துக் காயவிட்டால் பல மணி நேரம் தாங்கும். ஏ.சி. இருந்தால் அதைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏ.சி. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துவிடும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. இல்லாத வண்டியில் இரண்டு பக்கமும் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். குளிரும். பரவாயில்லை, ரோடு தெரியும்.

விளக்கைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் நிற்கிறது

ஹை பீமை அணையுங்கள். பனித்துளி வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கிறது. லோ பீம், கீழே பொருத்திய ஃபாக் லைட், ஓரக் கோடு. இவ்வளவுதான் துணை. ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். பின்னால் வருகிறவர் நாம் நிற்கிறோம் என்று நினைப்பார், நாம் வளைவில் திரும்புவதும் அவருக்குத் தெரியாது. மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது விதி. பனியில் அதை ஹாரனோடு சேர்த்துக் கடைப்பிடியுங்கள்.

பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சேறு இருந்தால் ஒட்டியும் பயனில்லை. டீக்கு நிறுத்தும்போதெல்லாம் ஈரத் துணியால் ஒரு இழு இழுங்கள். வண்டி பழுதாகி வளைவில் நின்றுவிட்டால் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்துப் பயனில்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். சபரிமலை சீசனில், குமுளி, கம்பம்மெட்டு ரோட்டில், ராத்திரி முழுக்க வெளியூர் வண்டிகள் வரும். அவர்களுக்கு நம் வளைவுகள் பழக்கமில்லை.

டயர் கீழே சரியாக இருந்தது, மேலே தொய்ந்திருக்கிறது

110 பி.எஸ்.ஐ. வைத்து போடியில் கிளம்பிய டயர், மூணாறின் விடிகாலைக் குளிரில் அளந்தால் எட்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைந்திருக்கும். பஞ்சர் இல்லை, காற்று சுருங்கியிருக்கிறது. இரண்டு நாள் மேலேயே ஓடுவதென்றால் காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்து நிரப்பலாம். உடனே இறங்கப் போகிறவர்கள் நிரப்ப வேண்டாம்.

யூரியா விளக்கு எரிகிறது

மூணாறில் இதற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. யூரியா திரவம் உறைவது மைனஸ் 11 டிகிரியில். வடக்கே உறைந்தாலும் இன்ஜின் ஓட ஓட அதுவாக இளகும். டேங்கைத் தட்ட வேண்டாம், தண்ணீர் கலக்கவே வேண்டாம்.

கேபினில் தூங்கி எழுந்தால் தலை கனக்கிறது, குமட்டுகிறது

உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள், கூடப் படுத்திருப்பவரையும் இழுத்து வெளியே போடுங்கள். குளிருக்குக் கரி அடுப்போ ஸ்டவ்வோ உள்ளே வைத்துக் கண்ணாடியை ஏற்றினால், அல்லது இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கும்போது சைலன்சர் கசிந்தால், கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கம்தான் வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தலைவலி சரியாகிவிட்டது என்று வண்டி எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேபினுக்குள் நெருப்பு எந்த வடிவத்திலும் வேண்டாம். இரண்டு கம்பளியும் காலுக்கு சாக்ஸும் தலைக்கு மஃப்ளரும் போதும்.

ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு அடி நகர்ந்திருக்கிறது

இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்கப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மேடு பார்த்து நிற்கும் வண்டியை முதல் கியரிலும், இறக்கம் பார்த்து நிற்பதை ரிவர்ஸிலும் போடுங்கள். ஸ்டீயரிங்கை ஒடித்து, நகர்ந்தாலும் மலைப் பக்கம் போய் முட்டும்படி வையுங்கள். பள்ளத்துப் பக்கம் வேண்டாம். மழை பெய்த ரோட்டோர மண்ணில் இரட்டைச் சக்கரம் ஏறி நிற்கக் கூடாது, விளிம்பு இடிந்துவிடும். உறையும் ஊரில் ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்தச் சொல்வார்கள். அது சமதளத்துக்கு, அதுவும் கட்டை வைத்த பிறகு. நம் மேட்டுச் சரிவில் ஹேண்ட் பிரேக், கியர், கட்டை மூன்றும் வேண்டும்.

மரக்கட்டை இரண்டு வண்டியிலேயே இருக்கட்டும், கல்லைத் தேடி இருட்டில் அலைய வேண்டாம். கல்தான் வைத்தீர்கள் என்றால் கிளம்பும்போது கிளீனர் தம்பியை இறக்கி எடுத்து ஓரத்தில் போடச் சொல்லுங்கள். விடிகாலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பைக்கில் வருவார்கள், பனிக்குள் அந்தக் கல் அவர்களுக்குத் தெரியாது.